இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள

மோடம் எங்கேயும் ஓடிடாது சார், உக்காருங்க. இந்த வேலூர் வெயில்ல பைக்ல வந்து எறங்கினதும் எறங்காததுமா ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டீங்களே. தண்ணி குடிங்க முதல்ல. நெட் லைன கட் பண்ணி எடுக்கறது அஞ்சு நிமிஷ வேலைன்னு நீங்களே சொல்றீங்க, அப்பறம் இன்னா அவசரம். மணி பதினொண்ணுதான் ஆவுது.

அத்தப் பாக்கறீங்களா? வர்றவங்க எல்லாருமே பாப்பாங்க. சிபியு ஒரு பக்கம் மூடி இல்லாம கெடக்குது, எதிர்ல டேபிள் ஃபேன் நிக்குது, ஏதோ ரிப்பேருன்னு நெனச்சிருப்பீங்க. ரிப்பேர் இல்ல சார், ஓவர்கிளாக் பண்ணது. கம்பெனிக்காரன் ரெண்டு புள்ளி ஆறுன்னு ஸ்பீடு வெச்சிக் குடுத்த பிராசசர், என் கையில மூணு புள்ளி ஏழு ஓடுது. பதினாலு வருஷத்து மெஷின். நான் லேப் அசிஸ்டென்டா இருந்த ஸ்கூல்ல, பிரின்சிபால் ரூம்ல இருந்தது. புதுசு வந்ததும் கழிச்சிக் கட்டினாங்க, நான் கேட்டு எடுத்துக்கினு வந்தேன். இருபத்தேழு வருஷம் சார் அந்த லேப்ல. இந்த எத்திராஜ் கை பட்டு ஒரு மெஷின் கெட்டுதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் சொல்ல முடியாது.

ஓவர்கிளாக்னா ஊர்ல ஒரு மாதிரி நெனைக்கறாங்க. எரிஞ்சி போயிடும், வெடிச்சிடும்னு. ஏன் எரியுது? அவசரப்படறான், அதான் எரியுது. இன்டர்நெட்ல எவனோ போட்ட நம்பர பாத்துட்டு ஒரே தாவா தாவறான். அவன் சிப் வேற, உன் சிப் வேற, அவன் ஊர் குளுரு வேற, நம்ம ஊர் வெயில் வேற. இத்த யோசிக்க மாட்டான். நான் அப்படி இல்ல சார். மொதல்ல தூசிய எடுக்கணும். அப்பறம் சிப்போட சூட்ட இழுக்கற ஹீட் சிங்க கழட்டி, காஞ்சி போன பழைய பேஸ்ட்ட சுரண்டி எடுத்துட்டு, புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வெக்கணும். அப்பறம் பயாஸ்குள்ள, மெஷின் ஆன் ஆவும்போதே வர்ற செட்டிங்குள்ள போயி, நூத்தி முப்பத்தி மூணுன்னு அடிப்படையா ஒரு நம்பர் இருக்கும், அத்த அஞ்சு அஞ்சா ஏத்தணும். அஞ்சு ஏத்தினா ஒரு மணி நேரம் டெஸ்ட். சூடு எம்பது டிகிரிய தாண்டினா இறங்கிடு. தாண்டலியா, அடுத்த அஞ்சு. மெஷின் தடுமாறினாத்தான் வோல்டேஜ தொடணும், அதுவும் இத்தினியூண்டு. ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு. அதான் நான் எனக்குப் போட்டுக்கின கோடு. அதுக்கு மேல ஒரு புள்ளி போவ மாட்டேன்.

எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டேன்னு கேக்கறீங்க. எல்லாம் எம்பொண்ணுக்குத்தான். லோகேஸ்வரி. லோகு.

வீட்ல நாங்க ரெண்டு பேருதான் சார். அவங்க அம்மா வசந்தா, லோகு பத்தாவது படிக்கும்போதே போயிட்டா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வரல. அதுக்கப்பறம் இந்தப் பொண்ணுக்கு சமையல்லேருந்து ஜடை பின்னி விடறது வரைக்கும் நான்தான். ஜடை கோணலா வரும், அப்படியே போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போவா, ஒரு வார்த்த சொல்ல மாட்டா. அவளுக்கு வரையறது புடிக்கும். காலேஜ்ல அது சம்பந்தமாத்தான் படிச்சா. கம்ப்யூட்டர்லயே பொம்மைய செஞ்சி நடக்க வெப்பா, ஓட வெப்பா. ஒரு நாய் செஞ்சா பாருங்க, அது மழையில நனைஞ்சிட்டு ஒதறும். நான் அத்த நூறு தடவ பாத்திருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனி மாசம். மெட்ராஸ்ல ஒரு அனிமேஷன் கம்பெனி இவள எடுத்துக்கினான். ஜூன் ஒண்ணாந்தேதி சேரணும். அங்கேயே ஹாஸ்டல். லோகு அந்த மெயில எனக்கு ரெண்டு தடவ படிச்சிக் காட்டினா. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லல. ஆனா அந்த மெயில்ல கீழ ஒரு விஷயம் போட்டிருந்தான், அத்த அவ படிக்கல, நான்தான் கண்ணாடி போட்டுக்கினு படிச்சேன். வீட்லேருந்து வேலை செய்யணும்னு விரும்பறவங்க செய்யலாம், ஆனா அவங்க மெஷின்ல நாங்க அனுப்பற டெஸ்ட் ஃபைல் இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியணும், மே இருபதுக்குள்ள ரிசல்ட் அனுப்பணும்னு.

‘பாத்தியா லோகு, இங்கேயே இருந்து செய்யலாம்’னேன்.

‘நம்ம மெஷின்ல எங்க வரும்பா’ன்னா. அவன் அனுப்பின ஃபைல ஓட விட்டுப் பாத்தோம். முப்பத்தி நாலு நிமிஷம். ‘அதான் சொன்னேனே, போய்த்தான் ஆவணும்’னா.

அந்த முகத்துல ஒரு இது இருந்துச்சி சார். நான் இன்னா நெனச்சேன், பாவம், அப்பன விட்டுட்டுப் போவணுமேன்னு கொழந்த தவிக்குதுன்னு நெனச்சேன். ‘நீ கவலைப்படாத, நான் இருபத்தஞ்சுக்குக் கொண்டாறேன்’னு சொன்னேன். எனக்குத் தனியா இருக்க பயம்னு நெனச்சிக்காதீங்க. எனக்கு இன்னா பயம், ஆம்பளை. ஹாஸ்டல் சோறு இவளுக்கு ஒத்துக்காது, அதான்.

ஆரம்பிச்சேன். முப்பத்தி நாலு, முப்பத்தி ஒண்ணா ஆச்சி. ஒரு வாரம் அங்கேயே வெச்சிப் பாத்தேன். அப்பறம் இருபத்தெட்டு. கொறைய கொறைய நான் கூப்புடுவேன், ‘லோகு, இருபத்தெட்டு வந்துடுச்சி.’ அவ அடுப்படியிலேருந்து ‘ம்’னுவா. அவ்ளோதான். நடுவுல அவ கடைக்குப் போயி ஒரு பக்கெட்டு, ஒரு மக்கு, பூட்டு ரெண்டு சாவியோட, இதெல்லாம் வாங்கியாந்தா. வீட்ல ரெண்டு பக்கெட்டு சும்மா கெடக்குது, எதுக்கும்மா இதுன்னேன். சும்மாதாம்பான்னா. பரண் மேலேருந்து பெரிய பெட்டிய எறக்கித் தொடச்சி வெச்சா. பொண்ணு வீட்ட சுத்தம் பண்றான்னு நெனச்சிக்கினேன்.

இருபத்தி ஆறரை வந்துச்சி. அப்பறம் ஏப்ரல் கடைசியில ஒரு நாள், இருபத்தஞ்சு நிமிஷம் எட்டு செகண்டு. எட்டே எட்டு செகண்டு சார். நான் நாற்காலியில அப்படியே சாஞ்சிட்டேன். லோகு பின்னாடி நின்னுக்கினு இருந்தா. அவ சிரிச்சா. ‘பரவால்லப்பா, உன்னால முடிஞ்ச வரைக்கும் பண்ணிட்ட’ன்னு என் தோள்ல கை வெச்சா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை சேத்து சாப்ட்டா. அப்பன் ஏமாந்து போயிட்டானேன்னு எனக்காக சிரிச்சிக் காட்டறான்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி.

விடுவேனா. அடுத்த அஞ்சு ஏத்தினேன். அங்கதான் மெஷின் முரண்டு புடிச்சிது. பத்து நிமிஷம் ஓடும், நீலமா ஸ்கிரீன் வரும், நின்னுடும். வோல்டேஜ் என் கோட்டுகிட்ட வந்துடுச்சி. அக்னி நட்சத்திரம் வேற ஆரம்பிச்சிடுச்சி. கார்த்திகை மாசத்துல டெஸ்ட் பண்ணிட்டு ஓடுது ஓடுதுன்னு சொல்றவன் எல்லாம் சித்திரையில வந்து அழுவான், நான் வேலூர் வெயில்ல பகல் ரெண்டு மணிக்கு டெஸ்ட் பண்ணவன். மூடிய கழட்டினதும் ஃபேன வெச்சதும் அப்பதான். மெமரி ஸ்பீட ஒரு படி எறக்கிப் பாத்தேன், ஹீட் சிங்க திரும்ப கழட்டி மாட்டினேன். சோறு தண்ணி நெனப்பில்ல.

ஒரு நாள் சாயந்திரம் லோகு வந்து பக்கத்துல கீழ உக்காந்தா. ‘அப்பா, வரலைன்னா நான் போவட்டுமா?’ன்னு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. நான் ஸ்கிரீன பாத்துக்கினே ‘வரும்மா, கண்டிப்பா வரும்’னேன். அப்பறம் எழுந்து போயிட்டா.

இப்ப சொல்றத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல சார். நீங்க ஒயர் சுத்திக்கினே கேளுங்க, என்னப் பாக்காதீங்க.

மே பத்தோ பதினொண்ணோ. ரேஷன் கடைக்குப் போயிட்டு மத்தியானம் வந்தேன். ரூம்குள்ள வெச்ச காலுக்கே தெரிஞ்சிது, அனல். மெஷின் ஆஃப் ஆகி நிக்குது. ஃபேனும் ஓடல. ஹீட் சிங்க்ல கைய வெச்சேன், சுரீர்னுது. ஆற விட்டு, ஆன் பண்ணி, பயாஸ்குள்ள போனேன். வோல்டேஜ் இருக்கற எடத்துல ஒண்ணு புள்ளி அஞ்சு அஞ்சுன்னு நிக்குது. நான் வெச்சது ஒண்ணு புள்ளி மூணு மூணு.

வீட்ல யாரு இருந்தா? அவதான் இருந்தா. கொல்லையில துணி துவைச்சிக்கினு இருந்தா. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார், பெரிய நம்பரா வெச்சா ஒடனே எரிஞ்சிடும்னு நெனச்சிருக்கா. எரியாது. சூடு எல்லைய தாண்டினா சிப் தானா அணைஞ்சிக்கும், அப்படித்தான் செஞ்சிருக்கான். நல்ல வேளை.

கை தவறிப் பட்டிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஆனா லேப்ல இருபத்தேழு வருஷம் இருந்தவன் சார் நான். பயாஸ்ல ஒரு நம்பர மாத்தினா சும்மா வெளியில விடாது. சேவ் பண்ணலாமான்னு கேக்கும். எஸ்னு குடுத்தாத்தான் போவும்.

நான் ஒண்ணும் கேக்கல அவள. பழைய நம்பர வெச்சேன். பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டேன். துணி காயப் போட்டுட்டு வந்தா, ‘ஏம்பா, மெஷின் கெட்டுப் போச்சா?’ன்னா. ‘இல்லம்மா, ஒண்ணும் ஆகல, அப்பா இருக்கறப்ப இன்னா ஆயிடும்’னேன். சரின்னுட்டு உள்ள போயி படுத்துக்கினா. அன்னிக்கு சமைக்கல. நான்தான் ரசம் வெச்சேன்.

பதினெட்டாந்தேதி மெஷின் வழிக்கு வந்துடுச்சி சார். இருபத்தி நாலு நிமிஷம் இருபத்தி ஆறு செகண்டு. மூணு தடவ ஓட்டினேன், மூணு தடவையும் அதே. அதுக்கப்பறம் ஒரு நாள் முழுக்க டெஸ்ட்ல விட்டேன், எழுவத்தி ஒம்போது டிகிரிய தாண்டல. சொல்றேன் பாருங்க, அந்த வயசு மெஷின்ல, இந்த ஊர்ல, அந்த வெயில்ல யாரும் செய்ய மாட்டான். லோகுவ எழுப்பினேன், தலவலின்னு சொல்லி சுவத்துப் பக்கம் திரும்பிக்கினா. இருபதாந்தேதி சாயந்திரம் வரைக்கும் அனுப்பல. டைம் போவுதேன்னு நானே அவ மெயில்லேருந்து ரிசல்ட்ட அனுப்பிட்டேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவங்க அம்மா பேருதான். வீட்லேருந்து வேலை செய்ய விருப்பம்னும் ஒரு வரி சேத்துப் போட்டேன். மரியாதையா, நல்ல இங்கிலீஷ்லதான் போட்டேன்.

பதில் வந்துச்சி, சரின்னுட்டாங்க. அவ படிச்சா. என்னப் பாத்தா. ‘சந்தோஷமாப்பா?’ன்னு கேட்டா. ‘இருக்காதா பின்ன’ன்னேன். அந்தப் பெட்டிய அவளே திரும்ப பரண் மேல ஏத்தினா. நான் ஸ்டூல புடிச்சிக்கினேன்.

எட்டு மாசம் இந்த ரூம்லதான் வேலை செஞ்சா. ஒரு குறை வெக்கல நான். டேபிளுக்கே சாப்பாடு, பதினோரு மணிக்கு டீ, மூணு மணிக்கு மோர். ரூம்ல மாடிப் பக்கம் வெயில் எறங்கக்கூடாதுன்னு மொட்டை மாடியில தென்னங்கீத்து போட்டேன், அவளுக்கும் ஆச்சி, மெஷினுக்கும் ஆச்சி. கூட சேந்த பசங்க மெட்ராஸ்ல ஆபீஸ்லயே இருந்தாங்க, அவங்களுக்குப் பெரிய படத்துல எல்லாம் வேலை குடுத்தான். இவளுக்கு செடி, செவுரு, மேசை, நாற்காலி. அத்தச் செஞ்சி செஞ்சி அனுப்புவா. நான் ஒரு நாள் கேட்டேன், அந்த நாய் மாதிரி ஒண்ணு செய்யேம்மான்னு. ‘நேரம் இல்லப்பா’ன்னா. கதவ சாத்தி வெச்சிக்கவும் ஆரம்பிச்சா. ஏசி இல்லாத ரூம்ல கதவ சாத்தினா சூடு ஏறுமேன்னு நான் போய் போய்த் தொறந்து வெப்பேன்.

அப்பறம் மாசி மாசம், பெங்களூர்ல வேற கம்பெனியில வேலை கெடச்சிடுச்சின்னா. எப்ப எழுதினா, எப்ப பேசினா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையில கெளம்பறேன்னா. நான் தடுக்கல சார். டிபன் பாக்ஸ்ல இட்லி வெச்சிக் கட்டினேன். செருப்பு போட்டுக்கினு வாசல்ல நின்னவ திரும்பினா.

‘அப்பா, அன்னிக்கு வோல்டேஜ மாத்தினது நான்தான்.’

‘கை தவறிப் பட்டிருக்கும்மா, விடு’ன்னேன்.

‘உனக்குத் தெரியுமா?’

பொய் சொல்ல வரல சார், அவகிட்ட நான் பொய் சொல்லிப் பழக்கமில்ல. ‘தெரியும்’னேன். எப்பத்திலேருந்துன்னா. அன்னிக்கேன்னேன்.

‘நீ புரியாம பண்ணிட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேம்பா. எட்டு மாசமும் அதான் நெனச்சிக்கினு இருந்தேன். அப்பாவுக்குத் தெரியல, பாசத்துல செஞ்சிடுச்சி, பாவம்னு.’ அப்பறம், ‘தெரிஞ்சுமா?’ன்னு கேட்டா. அவ்ளோதான் கேட்டா. இட்லிய எடுத்துக்கல.

நீங்களே சொல்லுங்க, நான் இன்னா தப்பு பண்ணேன்? அடிச்சேனா, பூட்டி வெச்சேனா, போவாதன்னு ஒரு வார்த்த சொன்னேனா? ஒரு நாளும் சொல்லல. கம்பெனி கேட்டத நான் செஞ்சி குடுத்தேன், எல்லாம் பத்திரமா, ஒரு சிப் எரியாம, ஒரு ஃபைல் கெடாம. பத்திரமாத்தான் சார் செஞ்சேன். ராத்திரியில சில நேரம் அந்த ‘தெரிஞ்சுமா’ காதுல கேக்கும், அப்ப மட்டும் எழுந்து உக்காந்துக்குவேன். மத்தபடி ஒண்ணும் இல்ல.

வருஷம் தாண்டிடுச்சி. என் நம்பர்லேருந்து போன் பண்ணா எடுக்க மாட்டா. பொங்கலுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சி, ஹாப்பி பொங்கல்னு, எல்லாருக்கும் அனுப்பறது.

இன்னா சார்? ஓடிபியா? ஆமா ஆமா, லைன எடுக்கணும்னா அந்த நாலு நம்பர் வேணும். அது எனக்கு வராது. கனெக்ஷன் அவ பேர்ல இருக்குது, அவ போனுக்குத்தான் போவும். நீங்க உங்க நம்பர்லேருந்து கூப்புடுங்க, எடுப்பா. ஆபீஸ் நேரம், ஹெட்போன் போட்டிருப்பா, ரெண்டு தடவ அடிக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் இருக்கேன்னு சொல்லாதீங்க சார், தயவு பண்ணி. கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க. அந்த ஃபேன நிறுத்திடறேன், இருங்க, சத்தத்துல சரியா கேக்காது. ம், பண்ணுங்க. நான் வாயத் தொறக்கல.

வெச்சிட்டாளா. சரி.

ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது. ஒம்போதுன்னு சொல்லும்போது கவனிச்சீங்களா, மூக்கு அடைச்ச மாதிரி இருந்துச்சி. சளி புடிச்சிருக்கு. பெங்களூர்ல இப்ப மழையாம், டிவியில சொன்னான். தலைய துவட்ட மாட்டா சார் அவ, சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.

வேணாம் சார், அந்த நம்பர அடிக்காதீங்க. கேன்சல்னு போடுங்க. கஸ்டமர் மனச மாத்திக்கினார்னு போட ஒரு எடம் இருக்குது பாருங்க அதுல, போன மாசம் வந்தவர் அதான் போட்டார். அதுக்கு முந்தின மாசம் வந்தவர் என்னத் திட்டிட்டுப் போனாரு. நீங்களும் திட்டுங்க, வெயில்ல வர வெச்சிட்டேன், தப்புதான். லைன் இருக்கட்டும். லைன் போயிட்டா அப்பறம் யாரு அவளக் கூப்புடுவாங்க.

கேட்டேன் சார், என் காது நல்லாத்தான் இருக்குது. ‘மூணாவது மாசமா ஓடிபி கேக்கறீங்க, இந்தத் தடவையாவது எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணா’ன்னா. கேட்டேன்.

போன ரெண்டு மாசமும் நாலு நம்பர சொல்லிட்டு வெச்சிட்டா சார். இன்னிக்கு அதுக்கு மேல எவ்ளோ பேசினா பாருங்க.